மாடிக் கத்திரி

மூக்கப் பொத்திக்கங்க கண்ணு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். நாத்தம் எங்கிட்ட இருந்துதான் வருது. கண்டக்டர் பாவம், வந்து வந்து சீட்டுக்கடியில குனிஞ்சு பாத்துட்டுப் போறாரு, எலி கிலி செத்துக் கெடக்குதான்னு. எலி எல்லாம் ஒண்ணுமில்லீங்க. இந்தா, என் காலுக்கடியில இருக்குது பாருங்க, இந்தக் கேனுதான். மீன் கழிவு. கொடலு, செவுளு, செதிலு எல்லாத்தையும் மார்க்கெட்டுல இருந்து வாங்கியாந்து, வெல்லத்தப் போட்டு மூடி வெச்சு, அது அழுகித் தண்ணி விட்ட பொறவு வடிகட்டுனது. செடிக்கு ஒரம். வெல்லம் போட்டா நாத்தம் வராதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. சொல்லிக் குடுத்தவளுக்கு மூக்கு இருக்குதான்னு எனக்குச் சந்தேகம். கருமம்.

சன்னல வேணா நல்லாத் தொறந்து உடுங்க. கொடுவாய் ஊரத் தாண்டீட்டா காத்து வரும்.

நானாக்கும் இதத் தூக்கிட்டு பஸ்ஸேறி வர்றது! என்னைய உங்களுக்குத் தெரியாது. திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் செக்சன்ல போயி ராஜாமணின்னு கேட்டுப் பாருங்க, இன்னைக்கும் புள்ளைக நிமுந்து உக்காருவாளுக. தெச்சு வர்ற பனியன மேசை மேல விரிச்சு, ஓட்டை இருக்குதா, எண்ணெக்கறை இருக்குதா, தையல் உட்டுருக்குதான்னு பாக்கற வேலை. கல்யாணம் ஆன புதுசுல போயி உக்காந்தவ. எங்க வீட்டுக்காரரு போய்ச் சேந்த பொறவும் அந்த மேசைதான் எனக்கும் எம்பையனுக்கும் சோறு போட்டுச்சு. கடுகத்தண்டி கறையக் கூட நான் உட்டதில்லீங்க. செவப்பு ஸ்டிக்கர ஒட்டி அக்கட்டால வீசீருவேன். சின்னப் பொட்டுதான அக்கான்னு கெஞ்சுவாளுக. சின்னப் பொட்டுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. கறைன்னா கறை.

அப்புறம் கண்ணுல பொரை உழுந்துருச்சு. ஒரு சரக்கு வெளிநாட்டுல இருந்து திரும்பி வந்துருச்சு, அதுக்கு நாந்தான் காரணம்னு மேனேஜர் சொன்னாரு. ஆப்பரேசன் பண்ணீட்டு வாங்கம்மா, பாக்கலாம்னாரு. பாக்கலாமாம்! நானே வேண்டாம்னு எந்திரிச்சு வந்துட்டேன். ஆப்பரேசனும் பண்ணி முடிச்சேன். இப்பக் கண்ணு பளிச்சுன்னு தெரியுது. ஆனாப் பாக்கறதுக்கு வீட்டுல என்னங்க இருக்குது? மருமகதான் இருக்கா.

வாணின்னு பேரு. தாராவரத்துக்கு இந்தப் பக்கம், தோட்டங்காட்டுக் குடும்பத்துல இருந்து எடுத்தோம். நல்ல புள்ளைதான், இல்லைங்கல. ஆனாப் பாத்தரம் கழுவுனான்னா அடிப்பக்கம் பாக்க மாட்டா. துணி மடிச்சான்னா தையல் பக்கம் வெளிய தெரியும். கோலம் போட்டான்னா ஒரு புள்ளி அக்கட்டால போயிருக்கும். பாத்தா சொல்லாம இருக்க முடியுதுங்களா? இத்தன வருசம் அதுக்குத்தான் எனக்குச் சம்பளமே குடுத்தாங்க. "வாணி, இங்க வா, இது என்ன?"ன்னு கேப்பேன். வருவா. பாப்பா. எடுத்துட்டுப் போயி மறுக்காக் கழுவுவா. ஒரு வார்த்தை பேச மாட்டா. எம்பையன் லோகநாதன் அவளுக்கு மேல. போனப் பாத்துட்டு உக்காந்திருப்பான்.

இப்படி இருக்கறப்ப ஒரு நாளு ஆட்டோவுல வந்து எறங்கறா. கறுப்புக் கறுப்பாப் பை, தேங்கா நாரு மூட்டை, சாணி ஒரம், வெதைப் பொட்டணம். எல்லாத்தையும் அவளே மாடிக்குத் தூக்கீட்டுப் போனா. வரிசையா வெச்சு முடிச்சுட்டு, "அத்தை, மேல வந்து பாருங்களே"ங்கறா.

"என்னடி இது?"

"மாடித் தோட்டமுங்க அத்தை. உங்களுக்குத்தான். நீங்க சும்மாவே உக்காந்திருக்கீங்களே."

எனக்குத் தெரியாதுங்களா? என்னைய அடுப்படிய உட்டுத் தொரத்தறதுக்கு வழி பண்றா. அது அப்பவே தெரியும். ஆனா எம்பட வீம்பு இருக்குதே, அது சும்மா இருக்காது. எனக்கு வராதுன்னு நெனச்சுட்டாளா இவ? பாத்துருவோம்டின்னு மேல ஏறிட்டேன்.

மண்ணத் தொடறதுன்னாலே எனக்கு ஆகாதுங்க. கம்பெனியில இருந்து வந்த கையொறை கெடந்துச்சு, அத மாட்டீட்டேன். மூஞ்சிக்கு ஒரு துணியக் கட்டீட்டேன். அப்பவும் சாணி வாசம் உள்ள ஏறுது. பையில மண்ணக் கொட்டுனா அதுல இருந்து ஒரு மண்புழு நெளிஞ்சுட்டு வருது. நான் போட்ட சத்தத்துல எதுத்த வீட்டுக்காரரு வேட்டியப் புடிச்சுட்டு ஓடியாந்தாரு. வாணி சிரிக்கறா. "அது நல்லதுங்க அத்தை, இருக்கட்டும்." நெளியறது எதுவும் எனக்கு நல்லதில்ல. முறத்துல அள்ளி ரோட்டுல போட்டுட்டு வந்தேன்.

மொதல்ல கீரை வெதைச்சேன். வெதைச்சு மறுநாள் காத்தால போயிப் பாத்தா ஒண்ணையுங் காணோம். மண்ணத் தோண்டிப் பாத்தேன். வெதை அப்படியே கெடக்குது. மூடீட்டேன். அடுத்த நாளும் தோண்டிப் பாத்தேன். வேலை நடக்குதா இல்லையான்னு பாக்கணுமில்லீங்க? நம்ம பாக்கலீன்னா எவ வேலை செய்யறா? இப்படித் தெனமும் தோண்டித் தோண்டி மூடி, கடைசி வரைக்கும் ஒண்ணும் வரல. வெதையே ஓட்டைன்னு வாணிகிட்டச் சொன்னேன்.

"அத்தை, தோண்டாதீங்க. போட்டா போட்டபடி உட்ருங்க."

உட்ருங்களாம். என் ஆயுசுல நான் எதையும் உட்டதில்ல.

அப்புறம் தக்காளி. அதுக்குத் தண்ணி ஊத்தி ஊத்தியே கொன்னேன். எலை தொங்குனா தாகம்னு நெனச்சு இன்னம் ஊத்துவேன். வேர் அழுகி ஒரு நாத்தம் வந்துச்சு பாருங்க, இந்தக் கேனெல்லாம் அதுகிட்ட நிக்காது.

அப்புறம் ஒரு அவரை வெதை மொளைச்சுது. அத மட்டும் சொல்லோணும். காத்தால போயிப் பாக்கறேன், மண்ணு வெடிச்சு, கழுத்த வளைச்சுக்கிட்டு, தலை மேல மண்ண அப்பிக்கிட்டு நிக்குது. பொறந்த கொழந்தையாட்டம். எனக்குப் பொறுக்கல. அழுக்கோட நிக்குதே! கீழ போயி ஈரத்துணி எடுத்தாந்து, மெதுவாத் தொடைச்சு உட்டேன். தொடைக்கத் தொடைக்கப் பச்சைப்பசேல்னு வருது, எனக்கு ஒரே சந்தோசம். படக்குன்னு ஒடிஞ்சு எங்கையில வந்துருச்சு.

அன்னைக்குச் சோறு எறங்கல. பசியில்ல, அவ்வளவுதான். அதுக்கு வாணி வந்து, "வருத்தப்படாதீங்க அத்தை, இன்னொண்ணு போடலாம்"ங்கறா. நானெங்கடி வருத்தப்பட்டேன்னு கத்தி உட்டேன்.

கடைசியில கத்திரிதான் எனக்கு ஒத்து வந்துச்சு. அது நம்ம சாதி. முள்ளு இருக்குது பாருங்க, அதனால. தொடைச்சாலும் ஒடியாது. தண்ணி ஒரு நாளு மறந்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காது. நெகு நெகுன்னு வந்துச்சு. ஒரு நாளு பாத்தா ஊதாக் கலர்ல பூவு. அந்தக் கலர்ல ஒரு துணி என் மேசைக்கு வந்திருந்தா ஒரு நிமிசம் கைய வெச்சுப் பாத்திருப்பேன். அவ்வளவுதான் சொல்லுவேன், அதுக்கு மேல புகழ மாட்டேன்.

பொறவு வந்துச்சுங்க புழு.

அதச் சொல்லலாமா வேண்டாமான்னு பாக்கறேன், நீங்க வேற ஏதோ தின்னுட்டு இருக்கீங்க. பரவாயில்லீங்களா? செரி. குருத்துக்குள்ள இருக்குமுங்க. நுனி வாடித் தொங்கும், கிள்ளிப் பிரிச்சுப் பாத்தா உள்ள கொழகொழன்னு ரோஸ் கலர்ல நெளியும். எலைக்கு அடியில வேற ஒண்ணு, பச்சையா, குண்டா. தொட்டா வாயில இருந்து பச்சைத் தண்ணி கக்கும். தண்டு பூரா மாவு அப்புனாப்பல வெள்ளைப் பூச்சி, நசுக்குனா பிசுபிசுன்னு ஒட்டும். பாத்ததும் கொமட்டீட்டு வந்துருச்சு. மாடியிலயே வாந்தி எடுத்துட்டேன். கீழ எறங்கி வந்து, தோட்டமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், நாளைக்கே எல்லாத்தையும் குப்பை வண்டியில ஏத்தி உடுன்னு லோகுகிட்டச் சொல்லீட்டேன்.

"செரிங்கம்மா"ன்னான். போனப் பாத்துட்டே.

மறுநாள் கடைசியா ஒருக்காப் பாத்துட்டு வரலாம்னு மேல போனேன். புழுவக் காணோமுங்க. எலையத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், ஒண்ணு கூட இல்ல. தெனமும் அப்படித்தான். நான் போறப்பச் செடி சுத்தமா நிக்கும். முன்னாலயே ஒருக்கா வேப்பெண்ணெய அடிச்சிருந்தேன், அதனாலன்னு நெனச்சேன். அப்புறம் எங்கண்ணப் பாத்துத்தான் பயந்து ஓடிருச்சுன்னு தெருவுல எல்லாருகிட்டயும் சொன்னேன். செக்கிங் கண்ணுங்க இது, சும்மாவா?

காய்ச்சுது பாருங்க காயி! கறுப்பா, பளபளன்னு. காத்தால ஏறுனா வெயில் சுடற வரைக்கும் நான் எறங்கறதில்ல. சாயங்காலம் ஏறுனா இருட்டுக் கட்டற வரைக்கும். வாணி காப்பிய மேலயே கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருவா. அடுப்படிப் பக்கமே நான் போறதில்ல. என்னைய அறியாமயே அவ நெனச்சது நடந்துருச்சு பாத்தீங்களா? அப்ப எனக்கு அது கூட ஒறைக்கல.

ஒரு நாளு சம்பந்தியம்மா வந்திருந்தாங்க, வாணியோட அம்மா. லோகுவும் வீட்டுல இருந்தான். வாணி சப்பாத்திக்கு மாவு பெசஞ்சுட்டு இருக்கா. பாக்கறேன், நகத்து இடுக்கு பூராப் பச்சை. வெரலு ஓரமெல்லாம் கறை. எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "என்னடி நகத்துல பாசி? இந்தக் கையிலதான் மாவு பெசையறயா? எவளாவது இதத் திம்பாளா?"ன்னேன். அவிங்கம்மா மூஞ்சி சுண்டிப் போச்சு. வாணி மாவ எடுத்துக் கொட்டீட்டு, கையச் சோப்புப் போட்டுக் கழுவீட்டு, புது மாவு போட்டா. அந்தக் கறை போகல. பச்சைக்கறை சோப்புக்குப் போகாதுங்க, எலுமிச்சம்பழம் தேய்க்கோணும். அதக் கூட நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? சம்பந்தியம்மா முன்னால சொல்லியிருக்கக் கூடாதுங்கறீங்களா? கறைய யாரு முன்னால பாத்தாலும் கறைதானுங்களே.

அதுக்கப்புறம் கொஞ்ச நாளு கழிச்சு, எனக்கு வெள்ளனவே முழிப்பு வந்துருச்சு. எப்பவும் விடிஞ்சு வெளிச்சம் வந்த பொறவுதான் மேல போவேன். அன்னைக்கு, செரி, போலாமேன்னு ஏறுனேன். செடிக்கு முன்னால யாரோ குத்த வெச்சு உக்காந்திருக்காப்பல இருந்துச்சு. வாணி. பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதுல சோப்புத் தண்ணி. கையில கையொறை கூட இல்ல. எலையத் திருப்பறா, புழுவ ரெண்டு வெரல்ல புடிக்கறா, டப்பாவுல போடறா. போட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பி ஓங்கரிக்கறா. மறுக்காத் திரும்பறா, அடுத்த எலையத் திருப்பறா.

"என்னடி பண்ற?"

பதறி எந்திரிச்சா. "புழுப் பொறுக்கறனுங்க அத்தை."

"எத்தன நாளா?"

"தெனமுந்தானுங்க. நீங்க வர்றதுக்குள்ள முடிச்சுட்டுப் போயிருவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"புழுவப் பாத்தா நீங்க செடிய உட்ருவீங்களே அத்தை. அன்னைக்கே உட்டுட்டீங்கதான?"

"உனக்குக் கொமட்டலையா?"

"கொமட்டுதுங்க. பழகிரும்னு நெனச்சேன். பழகல."

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு கண்ணு. இவளப் போயி என்ன சொன்னோம்னு ஒரு நிமிசம் தோணுச்சு. எனக்காக ஒருத்தி இப்படிச் செய்யறாளேன்னு இருந்துச்சு. செரி, நல்ல வார்த்தையா நாலு வார்த்தை கேப்போம்னு, "ஏண்டி வாணி, நான் செடிய உட்டா உட்டுட்டுப் போறேன், உனக்கு என்னடி அதுல?"ன்னு கேட்டேன்.

குனிஞ்சு டப்பாவக் கையில எடுத்தா. அப்புறஞ் சொன்னா, "நீங்க மேல இருக்கற வரைக்குந்தான் அத்தை கீழ என்னால மூச்சு உட முடியுது."

திட்டற மாதிரி சொல்லல. அழுகவும் இல்ல. மணி என்னன்னு கேட்டாச் சொல்லுவாங்களே, அப்படிச் சொன்னா.

கேட்டீங்களா நாயத்த? இப்படி ஒரு வார்த்தைய ஒருத்தி சொல்லலாமுங்களா? எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. அந்தப் பக்கம் இருந்ததுலயே பெரிய செடி, கொத்துக் கொத்தாக் காயி புடிச்சது, அத அடியோட புடிச்சு இழுத்தேன். முள்ளு கையில குத்துச்சு. வேரு படபடன்னு அறுந்துச்சு. தூக்கி அவ காலடியில போட்டேன். "நீயும் வேண்டாம், உன் செடியும் வேண்டாம், நல்லா மூச்சு உட்டுக்கடி!"ன்னேன்.

அவ டப்பாவக் கீழ வெச்சா. குழாய்ல கையக் கழுவுனா. எறங்கிப் போனா.

மத்தியானமே அவிங்கம்மா வீட்டுக்குப் பொறப்பட்டுட்டா. லோகுதான் பஸ் ஏத்தி உட்டுட்டு வந்தான். ஒரு பையி துணி, அப்புறம் மாடியில இருந்து ஒரு மொளகாச் செடி, பையோட. அது அவளே வெச்ச செடி. மடியில வெச்சுக்கிட்டுப் போனாளாம். ஏண்டா போக உட்டன்னு கேட்டேன். அன்னைக்குத்தான் எம்பையன் போன்ல இருந்து தலையத் தூக்கி என்னையப் பாத்தான். பாத்தான், அவ்வளவுதான்.

வீடு நல்லா இருந்துச்சுங்க அதுக்கப்புறம். எனக்கு எப்படி வேணுமோ அப்படி. பாத்தரத்த வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாப்பேன். பளபளன்னு இருக்கும். நானே கழுவுனது, என்னத்தச் சொல்ல? துணியெல்லாம் மடிப்புக் கலையாம இருக்கும். நானே மடிச்சது. "வாணி, இங்க வா"ன்னு வாயத் தொறந்துருவேன் சில நேரம். பழக்க தோசம். அப்புறம் வாய மூடிக்குவேன். லோகு வந்து உக்காந்து திம்பான். சோறு எப்படிடா இருக்குதுன்னா, "இருக்குது"ம்பான். கொஞ்ச நாள்ல அதுவும் இல்ல, வெளியவே தின்னுட்டு வந்தர்றேம்மான்னுட்டான்.

மாடிக்குப் போனேன், பையெல்லாத்தையும் காலி பண்ணலாம்னு. நான் புடுங்குன செடிய மறுக்கா மண்ணுல நட்டு வெச்சிருந்தேன். அது பொழைக்கல. காயெல்லாம் சுருங்கித் தொங்குது. மத்த செடியில பாத்தா, கருமமே, புழு! எலைக்கு எலை. ஓட்டை ஓட்டையாச் சல்லடையாட்டம் ஆக்கி வெச்சிருக்குது. அப்பத்தானுங்க தெரிஞ்சுது, எங்கண்ணுக்கு ஒரு புழுவும் பயப்படலைன்னு.

அந்த டப்பா அவ வெச்ச எடத்துலயே இருந்துச்சு. சோப்புத் தண்ணி ஊத்திக்கிட்டேன். கையொறையப் போட்டாப் புழு புடிபட மாட்டேங்குது, வழுக்கீட்டுப் போகுது. கழட்டி வீசீட்டு வெறுங்கையில புடிச்சேன். சில்லுன்னு இருந்துச்சு. மெத்துன்னு இருந்துச்சு. கொஞ்சம் அழுத்திட்டேன், படக்குன்னு ஒடைஞ்சு வெரலெல்லாம் பச்சை. வாந்திதான். வாயக் கழுவீட்டு வந்து அடுத்தது. அதுக்கு ஒரு ஓங்கரிப்பு. இப்படியே அந்தச் செடி முடிக்கறதுக்குள்ள நான் பட்ட பாடு, லோகுவப் பெத்தப்பக் கூடப் படல.

தெனமும் பொறுக்கறேன். இன்னைக்கும் பொறுக்கீட்டுத்தான் வர்றேன். அவ சொன்னது நெசந்தான், பழகவே மாட்டேங்குது. இந்தா பாருங்க நகத்த. எலுமிச்சம்பழத்துக்கும் போகல. நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தது தப்பு. ஆனா அத எவகிட்டச் சொல்றது?

செடி வெக்கறது நல்லது, நிம்மதின்னு எல்லாரும் சொல்றாங்களே, என்னங்க நல்லதக் கண்டேன் நானு? முட்டி வலி. வெயில்ல மூஞ்சி கருத்துப் போச்சு. படுத்தாப் பொணமாட்டம் தூங்கீர்றேன். முன்னயெல்லாம் சின்னச் சத்தங் கேட்டாலும் எந்திரிச்சுப் போயி யாரு என்ன பண்றாங்கன்னு பாத்துட்டு வருவேன். இப்ப வீட்டையே தூக்கீட்டுப் போனாலும் தெரியாது. சக்கரைக்குப் பாக்கற டாக்டரம்மா, "என்னம்மா பண்றீங்க, சக்கரை நல்லாக் கொறைஞ்சிருக்குதே, மொகத்துலயே தெளிச்சல் தெரியுதே"ங்கறாங்க. புழுப் பொறுக்கறேன்னு சொன்னேன். சிரிக்கறாங்க. நெசத்தச் சொன்னா எவ நம்பறா?

என் மேசையில வேலை பாத்த நாயகின்னு ஒரு புள்ளை, என்னையப் பாத்தாலே பனியன இன்னொருக்கா விரிச்சுப் பாப்பா. வழியில பாத்தா, வீட்டுக்கு வந்தா. ஒரு பை கத்திரிக்கா பறிச்சுக் குடுத்தேன். கையில எடுத்துத் திருப்பிப் பாத்துட்டு, "ஏனக்கா, ஓட்டை இருக்குதே! இத எப்படிப் பாஸ் பண்ணுனீங்க?"ங்கறா. "ஓட்டை இருக்கற எடத்த அரிஞ்சு வீசீட்டு மிச்சத்தக் கொழம்பு வெய்யிடி. ஒரு ஓட்டைக்காக முழுக் காயையும் வீசுவாங்களா?"ன்னேன். அவ என்னையவே பாக்கறா. ஏன் பாத்தான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. சமைக்கத் தெரியாத புள்ளை போல.

இதெல்லாம் கெடக்கட்டும். இப்ப எதுக்குப் போறேன்னா, போன வாரம் லோகு சொன்னான், வாணி கொண்டு போன மொளகாச் செடி வளரவே இல்லையாம். அப்படியே நிக்குதாம், எலையெல்லாம் வெளுத்துப் போயி. "அவ என்னடா போடறா அதுக்கு?"ன்னேன். "எனக்கென்னம்மா தெரியும், நீங்களே கேளுங்க"ன்னான். போன்ல கேக்கற சங்கதியா இது? செடியப் பாக்காம எப்படிச் சொல்றது? கொன்னு போட்ருவா. அதுக்குத்தான் இந்த மீன் தண்ணி. ஒரு கரண்டிய ஒரு கொடம் தண்ணியில கலக்கி ஊத்துனா பச்சை புடிச்சுக்கும். ஊத்தீட்டு அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிருவேன். அவளக் கூப்புடப் போறேன்னு நெனச்சுக்காதீங்க. நான் ஏன் கூப்புடறேன்? போனவளுக்கு வரத் தெரியாதா?

மாடியில ஒரு கொட்டாய் போட்டிருக்கேனுங்க. மேல தகரம், சுத்தியும் தட்டி. ஒரு கட்டிலு, ஒரு ஃபேனு, ஒரு சின்ன அடுப்பு. காப்பி, கஞ்சி நானே வெச்சுக்கலாம். லோகு வந்து பாத்துட்டு, "எதுக்கும்மா இது?"ன்னான். செடிக்குக் காவலுடா, கொரங்கு வந்து காயப் பறிக்குதுன்னேன். எங்க தெருவுல கொரங்கு கெடையாதுங்க. ஆனா வராதுன்னு சொல்ல முடியுங்களா? இனிமே நான் மேலதான். அவ வந்தா... வந்தான்னா சொல்றேன், வரட்டும் வராம போகட்டும்... கீழ அவ பாடு. பாத்தரத்தக் கழுவறா, கழுவாம உடறா, நான் எறங்கி வந்து பாக்கப் போறதில்ல. செடியப் பாக்கவே எனக்கு நேரம் பத்தல. இத அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பஸ் ஏறுனதுல இருந்து யோசனை. உனக்காகத்தான்னு சொன்னாத் தலைக்கு மேல ஏறிக்குவா. கொரங்குன்னே சொல்லீரலாமுங்களா?

என்னங்க, சிரிக்கறீங்க?

ஆமா, கண்டக்டரு என்னையத்தான் சொல்றாரு. கோயில் ஸ்டாப்பு, வாணி ஊரு. நான் கேட்டது இந்த ஸ்டாப்புதான். இருக்கட்டுமுங்க. பரவாயில்ல. தாராவரம் வரைக்கும் போயிட்டு இதே வண்டியில திரும்பிர்றேன். இல்லீங்க, எறங்கலீங்க. அவிங்கம்மா என்ன நெனப்பாங்க? ஒரு போன் கூடப் பண்ணல நானு. மூஞ்சியப் பாத்து வாங்கன்னு சொல்லலீன்னா, இந்த வயசுல ரோட்டுல நிக்கோணுமா நானு? போகட்டும், வண்டிய எடுக்கச் சொல்லுங்க.

யாரது, அங்க நிக்கறது? வேப்பமரத்துக்கடியில?

அடப் பாவி. இந்த லோகு பயதான் போன் பண்ணிச் சொல்லியிருக்கான். எப்படி நிக்கறா பாருங்க! நைட்டி மேல துண்டப் போட்டுக்கிட்டு, தலை கூடச் சீவல. பஸ் ஸ்டாப்புக்கு இப்படியா வருவா ஒருத்தி? செருப்பு வேற ரெண்டும் வேற வேற. எப்படி எளைச்சுப் போயிருக்கா பாருங்க. அவிங்கம்மா சோறு போடலையா இவளுக்கு?

சன்னலுக்கே வந்துட்டா.

"அத்தை, எறங்குங்க."

கேட்டீங்களா? ஊருக்கே கேக்கற மாதிரி கத்தறா. பஸ்ஸே திரும்பிப் பாக்குது. கூச்ச நாச்சமே இல்லாதவ. கண்டக்டர், எடுத்தர்றாதப்பா, நில்லு, வயசானவ எறங்கறது தெரியல? கால நவுத்துங்க கண்ணு.

வர்றேண்டி, வர்றேன். கத்தாத.